இரண்டு கோடுகளுக்கு நடுவே நான்கு மணி நேரம்

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக மருமகள் சமையலறை அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். பருப்பு டப்பாக்களும் ஊறுகாய் ஜாடிகளும் தரைக்கு இறங்கிய பிறகு, பலகையில் விரித்திருந்த பழைய தாளை உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கம் முழுக்கக் கட்டங்கள். நடுவில், இடமிருந்து வலமாக ஏறிப்போகும் இரண்டு சாய்கோடுகள்.

“அத்தே, இது என்ன கிராஃப் தாளு? அவுக பள்ளிக்கூடத்துல படிச்சப்ப வாங்குனதா?”

கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். எண்ணெய் ஊறி மஞ்சளேறிக் கிடந்தாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பயிற்சி வகுப்புகளுக்காக அச்சடித்து மிஞ்சிப்போன பார்ட்டோகிராஃப் தாள். பிரசவ வலி எப்படி முன்னேறுகிறது என்று மணிக்கு மணி குறித்துவைக்கும் தாள். வீணாகப் போகிறதே என்று ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பாதி, பேரப்பிள்ளைகள் படம் வரையப் போனது. மீதி, டப்பாக்களுக்கு அடியில் போனது.

மொச்சை அப்படியே இருந்தது. அன்று மதியம் வரை மருமகளுக்கு அவர் சொன்னதெல்லாம் இந்தத் தாளைப் பற்றியும், அதைப் போடக் கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றியும்தான்.

வைகை அணைக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர்க்காரர் அவர். ஓய்வுபெற்று வெகுகாலமாகியும் சந்தையில் காய் விற்பவர்கள்கூட “நர்ஸம்மா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த வேலைக்கு அவரை அனுப்பியது ஒரு சாவு. அவர் சிறுமியாக இருந்தபோது, அம்மாவின் தங்கை மூன்றாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்றாள். பிள்ளை நன்றாகப் பிறந்தது. மருத்துவச்சிக் கிழவி தொப்புள்கொடியை அறுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, சீனித்தண்ணீரும் தொட்டு வைத்துவிட்டாள். சித்திக்கு மட்டும் ரத்தம் நிற்கவில்லை. விரித்த பழஞ்சேலை நனைய நனைய மாற்றிக்கொண்டே இருந்தார்கள். “பிள்ளை பெத்தா போறதுதானே” என்று பெரியவர்கள் சொன்னார்கள். வண்டி கட்டியபோது விடிந்துவிட்டது. மருத்துவச்சி நல்லவள், ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவள். எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து என்று அவளுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

மதுரையில் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அந்தச் சேலை அவர் கண்ணிலேயே நின்றது.

அந்தக் காலத்துப் பயிற்சி கண்டிப்பானது. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, தலையில் கொக்கி குத்திய தொப்பி. முதல் மாதங்களில் படுக்கை விரிப்பதையும் கை கழுவுவதையும் தவிர வேறெதுவும் செய்ததாக நினைவில்லை. விரிப்பின் மூலையை மடித்துச் செருகுவதில் ஒரு சுருக்கம் இருந்தாலும் சிஸ்டர் டியூட்டர் அத்தனையையும் உருவிப் போட்டுவிடுவார். கண்ணாடி ஊசிக்குழல்களைக் கொதிக்கவைத்து, இடுக்கியால் எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும். இரவுப் பணியில் தூங்கிவிழக் கூடாது என்பதற்காக வெப்பமானிகளை எண்ணித் துடைத்துவைக்கும் வேலையும் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். எவரும் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871-இல். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் தம் பயிற்சிப் பள்ளியைத் திறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு வந்தது. இந்த வரலாற்றையெல்லாம் டியூட்டர் பாடமாக நடத்தியபோது மாணவிகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தார்கள். நர்ஸம்மாவுக்கு அதில் ஒன்று மட்டும் ஆழமாகப் பதிந்தது. நைட்டிங்கேல் விளக்கேந்தி வார்டுகளைச் சுற்றியவர் மட்டுமல்லர், சாவுகளை எண்ணி, காரணம் வாரியாகப் பிரித்து, படமாக வரைந்து அரசாங்கத்தின் முன்னால் வைத்தவர். செவிலியர் கையில் பேனாவும் இருக்க வேண்டும் என்பதை நர்ஸம்மா அங்கேதான் தெரிந்துகொண்டார்.

அன்று சரியென்று கற்றுத்தந்தவற்றில் பல இன்று இல்லை. பிரசவ வார்டுக்கு வரும் பெண்ணுக்கு முதலில் எனிமா, அடுத்து மழிப்பு. இரண்டாலும் நன்மை இல்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு கைவிட்டார்கள். பிறந்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவார்கள். இன்று அப்படிச் செய்தால் பயிற்சியாளர் பதறிவிடுவார். அழாத குழந்தையைத் துடைத்து, சூடாக வைத்து, முதுகை மெல்லத் தேய்த்துவிட்டு, அதற்கும் மூச்சு வரவில்லையென்றால் முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்று செலுத்த வேண்டும். கொடியை உடனே வெட்டுவதும் போய்விட்டது. ஒரு நிமிடமாவது பொறுத்தால் நஞ்சுக்கொடியில் இருக்கும் பிள்ளையின் ரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேரும். பிறந்த கையோடு குளிப்பாட்டினால் உடம்பு சில்லிட்டுவிடும் என்பதால் முதல் குளியலை ஒரு நாள் தள்ளிவைக்கிறார்கள். பிரசவ அறைக்குள் வீட்டுப் பெண் எவரையும் அண்டவிடாத காலம் மாறி, அரசு மருத்துவமனைகளிலேயே கையைப் பிடித்துக்கொள்ளத் துணைக்கு ஒருத்தியை அனுமதிக்கிறார்கள்.

“அப்ப நீங்க படிச்சது தப்பா அத்தே?” என்றாள் மருமகள்.

“அன்னைக்குத் தெரிஞ்சதைப் படிச்சோம். தெரிஞ்சது மாறுச்சு, திரும்பப் படிச்சோம். திரும்பப் படிக்காத நர்ஸ்கிட்டத்தான் ஆபத்து.”

அவர் திரும்பப் படித்தவற்றில் முதலிடம் அந்தக் கட்டத்தாளுக்குத்தான். அதன் இரண்டு கோடுகளும் பிறந்தது இன்றைய ஜிம்பாப்வேயில். அன்று ரொடீசியா என்று பெயர். ஃபில்பாட், காஸில் என்ற இரண்டு மருத்துவர்கள் 1972-இல் இதை வெளியிட்டார்கள். அங்கே மருத்துவர்கள் குறைவு. ஊர்ப்புறச் சிகிச்சை நிலையங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பேறுகாலச் செவிலியர்கள். எந்தப் பெண்ணை அங்கேயே வைத்துக்கொள்ளலாம், எவளை நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்களே முடிவெடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் திறந்தால் போகும் பாதை முதல் கோடு, எச்சரிக்கைக் கோடு. அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி இரண்டாவது, நடவடிக்கைக் கோடு. புள்ளிகள் முதல் கோட்டைத் தாண்டினால் வண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது கோட்டைத் தொடும் முன் அவள் அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் நான்கு மணி நேரமும் பயணத்துக்கு.

பல ஆண்டுகள் கழித்து உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் இந்தத் தாளைச் சோதித்தது. 35,484 பெண்கள். முடிவு 1994-இல் லான்செட் இதழில் வந்தது. இழுத்துக்கொண்டே போகும் பிரசவங்கள் நூற்றுக்கு 6.4-லிருந்து 3.4 ஆகக் குறைந்திருந்தன. வலியைத் தூண்ட மருந்து ஏற்றுவது பாதிக்கும் கீழே வந்தது. இறந்து பிறக்கும் குழந்தைகளும் குறைந்தன. புதிய இயந்திரம் எதுவும் வரவில்லை. ஒரு தாள், அதைப் போடவும் படிக்கவும் தெரிந்த கைகள், கோட்டைத் தாண்டினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடு. அவ்வளவுதான்.

நர்ஸம்மா இதைக் கற்றுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது 108 வண்டி வருவதற்கு முந்தைய காலம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் பிரசவம் பார்ப்பதற்காக, முறைவைத்துப் பணிபுரிய மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை நியமிக்கத் தொடங்கியிருந்தார்கள். மருத்துவர் மாலையில் ஊருக்குப் போய்விடுவார். இரவு முழுக்க நர்ஸும் ஆயாவும்தான்.

ஒரு மழைக்கால இரவில் தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். திடமான பெண், வலியும் நன்றாக இருந்தது. நர்ஸம்மா தாளில் புள்ளிகள் வைத்துக்கொண்டே வந்தார். நள்ளிரவில் வைத்த புள்ளி முதல் கோட்டுக்கு வலப்புறம் விழுந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு சரியாகத்தான் இருந்தது. பெண்ணும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். மாமியார்க்காரி, “எனக்கெல்லாம் ரெண்டு நாள் வலி இருந்துச்சு. தலைச்சன் அப்படித்தான், நர்ஸம்மா. இந்த மழையில எங்கிட்டுக் கொண்டுபோறது?” என்றாள்.

முன்பு என்றால் நர்ஸம்மாவும் விடியட்டும் என்று காத்திருந்திருப்பார். அன்று தாள் இருந்தது. மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோடுகளைக் காட்டினார். “ஆத்தா, புள்ள இந்தப் பாதையில வரணும். இங்கிட்டு வந்திருச்சு. இந்த ரெண்டாவது கோட்டைத் தொடுறதுக்குள்ள நாம பெரியாஸ்பத்திரில இருக்கணும். இப்பக் கிளம்புனா நேரம் இருக்கு. விடிஞ்சு கிளம்புனா இல்ல.” எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனை எழுப்பி, பால் வண்டிக்காரனைக் கூட்டிவரச் சொன்னாள். நர்ஸம்மா பரிந்துரைக் கடிதத்தோடு அந்தத் தாளையும் குண்டூசி குத்தி அனுப்பினார். அங்கே பணியிலிருந்த டாக்டரம்மாவுக்கு மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டிய வேலை இருக்கவில்லை. தாளைப் பார்த்துவிட்டு நேரே அறுவை அரங்குக்குச் சொன்னார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது டிராக்டர் ஓட்டுகிறான்.

பிற்பாடு அவரைப் பயிற்சியாளராக்கினார்கள். கிராம சுகாதார செவிலியர்களுக்கும் புதிய ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் மூன்று வாரப் பேறுகாலப் பயிற்சி. சித்தியின் சேலையை அவர் பாடமாக்கியது அங்கேதான். சிவப்பு மை கலந்த தண்ணீரை அளவுக் குவளையில் சரியாக 500 மில்லி எடுத்து, நான்காக மடித்த பருத்திச் சேலையில் ஊற்றுவார். கொஞ்சம் தரையிலும் சிந்தவிடுவார். பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்து, எத்தனை மில்லி என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும். 200 என்று எழுதியவர்கள் உண்டு, 250 உண்டு. 500-க்குப் பக்கத்தில் வந்தவர்கள் அபூர்வம். பிரசவத்துக்குப் பின் 500 மில்லிக்கு மேல் போனால் அபாயம் என்று அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரியும். கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஊற்றி, பார்த்து, மறுபடி ஊற்றி, மறுபடி பார்த்து, மூன்றாவது வாரத்தில் கண் பழகிவிடும்.

அந்த வகுப்பின் நியாயத்தைப் பின்னாளில் ஓர் ஆய்வே நிரூபித்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ‘இ-மோட்டிவ்’ ஆய்வு 2023-இல் வெளியானது. பிரசவமானவுடன் தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். ரத்தம் குறிப்பிட்ட கோட்டைத் தொட்டதும் செய்ய வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல், ஒரே மூச்சில் செய்யப் பழக்கினார்கள்: கருப்பையைத் தேய்த்துவிடுவது, சுருங்க ஊசி, ரத்தம் உறைய மருந்து, நரம்பு வழியாகத் திரவம், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பரிசோதிப்பது. வழக்கமான முறையில் ரத்தப்போக்கில் ஏறக்குறைய பாதிதான் கண்டுபிடிக்கப்பட்டது. புதிய முறையில் நூற்றுக்கு 93. கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, சாவு மூன்றும் சேர்ந்து 60 விழுக்காடு குறைந்தன. கண்ணால் மதிப்பிடாதே, அள, அளந்தவுடன் கை வை என்பதுதான் பாடம்.

வலிப்புக்கும் அப்படித்தான். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போன வீடுகளை நர்ஸம்மா நிறையப் பார்த்திருக்கிறார். மக்னீசியம் சல்ஃபேட் ஊசி அந்த வலிப்பைத் தடுக்கும் என்று மருத்துவ உலகம் அறிந்திருந்தது. சுமார் 10,000 பெண்களிடம் நடந்த ‘மேக்பை’ ஆய்வு, ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 2002-இல் ஐயமறக் காட்டியது. ஆனால் ஊசி அலமாரியில் இருக்கும், போடும் அதிகாரம் டாக்டருக்கு இருக்கும், டாக்டர் வேறு ஊரில் இருப்பார். 2000-களின் நடுவில் இந்திய அரசு, பயிற்சி பெற்ற செவிலியர் முதல் டோஸைப் போட்டுவிட்டு அனுப்பலாம் என்று விதிகளைத் திருத்தியது. பிட்டத்தின் இரண்டு பக்கத்திலும் ஐந்து ஐந்து கிராம், ஆழமாக. அந்தச் சுற்றறிக்கை வந்த அன்று அவர் வகுப்பில் அதை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினார்.

நாட்டுக் கணக்கிலும் மாற்றம் தெரிந்தது. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்ற மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 2001-03-இல் 134. 2018-20-இல் 54. அதே காலத்தில் இந்தியா 301-லிருந்து 97. சாலை வந்தது, 108 வந்தது, ரத்த வங்கி வந்தது, பெண்கள் படித்தார்கள். எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நடுராத்திரியில் விழித்திருந்து, எப்போது வண்டியைக் கூப்பிடுவது என்று தெரிந்த செவிலியருக்கும் உண்டு என்பதை நர்ஸம்மா விட்டுக்கொடுப்பதில்லை.

இது பிரசவ அறையோடு நிற்கும் கதையும் அல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டது. பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 விழுக்காடு கூடும்போது நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு செவிலியர் தலையில் ஒரு நோயாளி கூடுதலாக ஏறும்போது அதே 7 விழுக்காடு கூடியது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போவார். மூச்சு மேலும்கீழும் வாங்குவதையும், சிறுநீர் குறைவதையும், பேச்சு குழறுவதையும் முதலில் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர். பார்த்ததற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்க்க நேரமும் இருக்க வேண்டும்.

இன்று அவர் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கப் போகிறார். மாணவிகள் கெட்டிக்காரர்கள். கேள்வி கேட்டால் பதில் மழையாகக் கொட்டுகிறது. பொம்மைக் குழந்தையைக் கையில் கொடுத்து, “மூச்சு விடல, என்ன செய்வே?” என்றால் முகமூடி சரியாகப் பொருந்தாமல் காற்று பக்கவாட்டில் ஓடுகிறது. அது அவர்கள் குறையல்ல. பழகும் அளவுக்குப் பிரசவங்கள் அவர்கள் பார்வைக்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவையில் முடிந்தது என்றது 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இயல்பான பிரசவத்தை முழுதாக உடனிருந்து பார்க்க ஆளுக்கு ஆள் காத்திருக்கிறார்கள். செவிலியர்களுக்கு 18 மாதம் தனிப்பயிற்சி கொடுத்து, இயல்பான பிரசவங்களை அவர்கள் பொறுப்பிலேயே விடும் திட்டத்தை இந்திய அரசு 2018-இல் அறிவித்தது. அது எல்லா ஊருக்கும் வேகமாக வர வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை.

தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனை அனுபவத்தை அவர் மாணவிகளுக்கு அடிக்கடி சொல்வார். அங்கே குழந்தைகளுக்கு மூச்சூட்டும் பயிற்சியை ஒரு நாள் வகுப்பாக நடத்தினார்கள். தேர்வில் எல்லாரும் நன்றாகச் செய்தார்கள். பிரசவ அறையில் எதுவும் மாறவில்லை. பிறகு வகுப்பைச் சின்னச் சின்னதாக உடைத்து, பணியிடத்திலேயே பொம்மையை வைத்து, சில நிமிடப் பயிற்சியாக அடிக்கடி செய்யவைத்தார்கள். முதல் நாளிலேயே இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1-லிருந்து 7.2 ஆகக் குறைந்தார்கள். அதே ஊர், அதே கருவி.

அதனால் எந்த அதிகாரி அவரைப் பார்க்க வந்தாலும் அவர் கேட்பவை இரண்டுதான். ஒவ்வொரு பிரசவ அறையிலும் ஒரு பொம்மை, வாரத்தில் ஒரு நாள் பணிமாறும் நேரத்தில் பத்து நிமிடப் பழக்கம். அடுத்தது, பேறுகாலப் பயிற்சி முடித்து வரும் செவிலியரைக் குறைந்தது இரண்டு ஆண்டாவது பிரசவ அறையிலேயே வைத்திருப்பது. மூன்று வாரம் ரத்தத்தை அளக்கவும் கோட்டைப் படிக்கவும் கற்றுக்கொண்டு வந்தவளை மறுவாரமே காய்ச்சல் வார்டுக்கோ கண் வார்டுக்கோ மாற்றிப் போடுவதை அவர் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறார். மாற்றல் பட்டியல் தயாராகும்போது பயிற்சிப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று போன மாதம் வந்த அதிகாரியிடமும் சொன்னார். அவர் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த பட்டியல் வெளியானதும், பழைய மாணவிகளிடம் பெயர் பெயராக விசாரித்துவிடுவார் நர்ஸம்மா.